இன்னும் நாலு சுற்று

பூமியின் தென்கோடியில் இருக்கும் ஓமரு துறைமுகத்தை ஒட்டிய வெள்ளைக்கல் கிட்டங்கியில் தினமும் முதலில் வந்து விளக்கைப் போடுகிறவள் நோலீன்தான். முன்பு கோதுமை மூட்டை அடுக்கியிருந்த கட்டடம். இப்போது அதில் ஸ்பீக்கர் செய்கிறார்கள். கடையில் வாங்கி அலமாரி மேல் வைக்கிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் ஆள் நெஞ்சு உயரம். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு ஜோடி வாங்குகிற காசுக்கு இந்த ஊரில் நல்ல காராகவே வாங்கிவிடலாம். வாங்குகிறவர்களும் ஒரு தினுசுதான். பாட்டுக் கேட்கவென்று தனி அறை கட்டி, அதில் ஒற்றை நாற்காலி போட்டு, பெண்டாட்டி கதவைத் திறந்தால்கூடச் சத்தம் கெட்டுப்போச்சு என்று முகம் சுளிக்கிறவர்கள். அந்தப் புண்ணியவான்களை நம்பித்தான் இரண்டு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நோலீனின் புருஷன் கீத் ராட்ரே. பெட்டிக்குள் எதை எங்கே வைத்தால் சத்தம் எப்படி வரும் என்று தீர்மானிக்கிறவன். அதோடு சேர்த்து விற்கிற ஆம்ப்ளிபயரும் அவன் கைவேலைதான். பெட்டியை அறுத்து, இழைத்து, தாள் போலச் சீவிய ரிமு மரத்தை மேலே ஒட்டி, உள்ளே ஆட்டு ரோமத்தைப் பிய்த்து அடைத்து முடிக்கிறவன் செமிசி. டோங்காத் தீவுக்காரன். மூன்று பிள்ளைகள். வாய் ஓயாது. நோலீனின் வேலை காயில் சுற்றுவது. தீக்குச்சிப் பருமன் செம்புக்கம்பியைக் கட்டையில் போட்டு, ஒரு சுற்றின் மேல் மறு சுற்று ஏறிவிடாமல், விரலால் நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும். குளிர்காலத்தில் கம்பி பனிக்கட்டியாய் இருக்கும். இருபது வருஷத்தில் அவள் ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அன்று நவம்பர் மாதத்துக் காலை. கடல் மூடுபனி ஜன்னலில் வந்து நின்றிருந்தது. கீத் கையில் ஒரு காயிலோடு வந்தான்.

"நோலீன், இன்னும் நாலு சுற்று கழட்டிக் குடு."

"போன வாரம்தானே ஆறு கழட்டினேன்."

"பத்தல."

"எதுக்குப் பத்தல?"

"குரல் இன்னும் உள்ளயே நிக்குது. முன்னால வரமாட்டேங்குது."

செப்டம்பரில் வசந்தம் பிறந்ததிலிருந்து இதே கதைதான். சுற்று கூடினால் குரல் பின்னுக்குப் போகும், சுற்று குறைந்தால் முன்னுக்கு வரும். அவளுக்குத் தெரிந்த மின்சாரம் அவ்வளவுதான், அவள் வேலைக்கு அது போதும். கம்பியின் நுனியைப் பிடித்து நாலு சுற்று உரித்து, வெட்டி, முனையைச் சுரண்டி ஈயம் வைத்துக் கொடுத்தாள். கூடவே ஜோடிக் காயிலுக்கும். வெட்டின கம்பியைத் திரும்ப ஒட்ட முடியாது. வெட்டின துண்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் நிறைந்து கிடந்தன.

பெட்டிக்குள் தலையை விட்டு ரோமம் அடைத்துக்கொண்டிருந்த செமிசி, தலையை எடுக்காமலே சொன்னான்: "அக்கா, இப்படியே கழட்டிக்கிட்டே போனா கிறிஸ்துமஸுக்குள்ள வெறும் கட்டைதான் மிஞ்சும். அதையும் நல்லாருக்குன்னு எவனாவது வாங்குவான்."

"நீ ரோமத்த அடை."

"அடைக்கிறேன், அடைக்கிறேன். இந்த ஆட்டுக்குத் தெரிஞ்சிருந்தா வேற பக்கம் போய் மேஞ்சிருக்கும்."

கீத் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் செமிசிக்குப் பதில் கொடுக்காமல் அவனால் இருக்க முடியாது. காயிலை வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சுக்குரல் மங்கலாகக் கேட்டது. ஒரு பெண் குரல். இரண்டு வரி பேசும், சிரிக்கும், நிற்கும். மறுபடி அதே இரண்டு வரி, அதே சிரிப்பு. நோலீன் லேத்தை ஓடவிட்டாள். வேலை இருந்து ஓட்டவில்லை, சத்தத்துக்காக ஓட்டினாள்.

அது அவர்கள் மகள் கிர்ஸ்டியின் குரல்.

இந்தத் தொழிலில் கீத்துக்கு ஒரு முறை உண்டு. பாட்டை வைத்து ஸ்பீக்கரைச் சரிபார்க்கக் கூடாது என்பான். பாடினவளை நீ நேரில் பார்த்தாயா, அவள் தொண்டை எப்படி என்று உனக்கென்ன தெரியும் என்பான். தெரிந்த ஆளின் பேச்சை, சுவர் எதிரொலி இல்லாத வெட்டவெளியில் வைத்துப் பதிவு செய்துகொள்வான். பிறகு பின்னறையில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே மெல்லிய கறுப்புத் துணியைத் திரையாகக் கட்டி, அதே ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவான். ஒரு வரி பதிவு, ஒரு வரி நேர்ப்பேச்சு. எது எது என்று நாற்காலியில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகிறவரைக்கும் காயிலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிர்ஸ்டி பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அம்மாவும் மகளும்தான் திரைக்குப் பின்னால் நிற்கிறவர்கள். பெரியவளாகி, செடி வளர்க்கிற நர்சரியில் வேலைக்குப் போன பிறகும், சனிக்கிழமையானால் கையில் மண்ணோடு வந்து நிற்பாள். வேண்டுமென்றே ஆட்டைப் போலக் கத்தி அப்பாவை ஏமாற்றுவாள்.

இந்தப் புது ஸ்பீக்கருக்காகப் பதிவு எடுத்தது மார்ச் மாதம், காற்றில்லாத ஒரு மத்தியானம். கீத்தின் தம்பி மலைச்சரிவில் ஆடு வளர்க்கிற நிலத்தில். பேப்பர் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேலியோரம் கிடந்த ஆட்டு மருந்து டப்பாவை எடுத்து, அதில் ஒட்டியிருந்ததைப் படித்தாள் கிர்ஸ்டி. முதலில் நோலீன் படித்தாள், அப்புறம் அவள். ஏப்ரலில் ரத்தத்தில் நோய் என்றார்கள். ஜூலையில் டனீடன் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். இருபத்தாறு வயது. வேறென்ன சொல்ல.

அடக்கம் முடிந்த மறுநாளே கீத் வேலைக்கு வந்துவிட்டான். தைரியசாலி, தாங்கிக்கொண்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் எதைத் தாங்கினான் என்று நோலீனுக்குத்தான் தெரியும். காலையில் அந்த அறைக்குள் போகிறவன், அந்தியில் கிட்டங்கிக்கு அடியில் குடியிருக்கிற பென்குயின்கள் கத்த ஆரம்பித்து இனி எதுவும் கேட்காது என்றானபிறகுதான் வெளியே வருவான். வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் புருஷனும் பாதி போய்விட்டான். அந்த அறைப்பக்கம் அவள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

*

வியாழக்கிழமை டெஸ்மண்ட் ஆக்லாந்திலிருந்து வந்தார். கீத் செய்கிற பெட்டிகளை முப்பது வருஷமாக விற்றுக் கொடுக்கிற வியாபாரி. பிப்ரவரியில் மெல்பர்னில் பெரிய கண்காட்சி. ஒரு ஹோட்டலையே எடுத்து, அறைக்கு அறை கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவார்கள். அதில் டெஸ்மண்டின் அறையில் எந்தப் பெட்டி நிற்கிறதோ, அதற்குத்தான் அந்த வருஷம் வாழ்வு. இந்த ஆறு மாதமாகக் கிட்டங்கியிலிருந்து ஒரு ஜோடிகூட வெளியே போகவில்லை. புதுசு நின்றால் கடை நிற்கும், இல்லாவிட்டால் செமிசி மறுபடி இறைச்சித் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலையிலேயே ஆம்ப்ளிபயரைப் போட்டுவிட்டார்கள். அது நன்றாகச் சூடேறினால்தான் முழுக் குணத்தைக் காட்டும். நோலீன் செய்து வந்த சீஸ் ரோல் தட்டைச் செமிசி நேராகக் கொண்டுபோய் அதன் தலையில் வைத்தான்.

"எட்றா அத," என்றான் கீத்.

"சூடா இருக்கட்டும் முதலாளி. இவ்வளவு காசு குடுத்து வாங்குறவன் பலகாரத்தையாவது சுட வெச்சுக்கட்டும்."

டெஸ்மண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு ரோலைத் தின்று, வெண்ணெய்க் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, தன் ரெக்கார்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு பெண் பியானோவோடு பாடுகிற பாட்டு. பிறகு வயலின். பிறகு சர்ச் பாடகர் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். கடைசியில் நாற்காலி சுவரில் முட்டிக்கொண்டது.

"கீத்," என்றார். "அந்தப் பொம்பள என் மடியில வந்து உக்காந்து பாடுறாப்பா."

"வேற யாரு வந்து உக்காரப் போறா உன் மடியில, உக்காந்துட்டுப் போகட்டுமே," என்றான் செமிசி.

"விளையாட்டு இல்ல செமிசி. குரல் மூஞ்சில அடிக்குது. வயலின் பல்லுல கூசுது. கனத்த அடிச்சத்தம் அருமையா இருக்கு, அத நான் குறை சொல்லல. ஆனா மனுஷக்குரல் வர்ற இடத்துல ஏதோ கோளாறு."

கீத்தின் முகம் இறுகியது. "கோளாறு இல்ல. இத நான் காதால சரி பார்த்தது."

"நானும் காதாலதான் கேக்குறேன்."

கீத் பதிவைப் போட்டான்.

நோலீன் டீயோடு அப்போதுதான் கதவைத் திறந்தாள். அவளுக்குச் சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டாள்.

'ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்கவும்.' ஒரு சிரிப்பு. 'எதக் குலுக்கணும்ப்பா, டப்பாவையா ஆட்டையா?'

இரண்டு பெட்டிக்கும் நடுவில், நின்றால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், கிர்ஸ்டி நின்றாள். பளிச்சென்ற குரல். காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்த குரல். நோலீன் டீத்தட்டோடு கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் அந்த வெற்றிடத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"சொல்லு, இதுல என்ன தப்பு?" என்றான் கீத்.

டெஸ்மண்டுக்குக் கிர்ஸ்டியைச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும்.

"ஒரு தப்பும் இல்ல. அவளேதான்," என்றார். பிறகு, "ஆனா கீத், நான் மெல்பர்னுக்கு எடுத்துட்டுப் போறது ஸ்பீக்கர. கிர்ஸ்டிய இல்ல. தப்பா எடுத்துக்காத. ரெண்டு வாரம் தர்றேன். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நான் வேற ஆள் பெட்டியத்தான் வெச்சாகணும், எனக்கு வேற வழி கிடையாது."

போகும்போது நோலீனின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

*

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சித் துண்டும் புது உருளைக்கிழங்கும். கீத் கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தான், தின்னவில்லை.

"அவனுக்குக் காது போயிடுச்சு. வயசாகுது," என்றான்.

"அவருக்கும் உனக்கும் ஒரே வயசு."

"நோலீன், நீயும் கேட்டியே. அவ பேச்சு எப்படி இருந்துச்சு? சொல்லு."

"அவளா வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

"அப்புறம்? ஊர் பேர் தெரியாதவ பாட்டு எப்படி இருக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? என் மக பேச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது சரியா இருந்தா மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கணும்."

"அப்ப அந்தப் பொம்பள ஏன் மூஞ்சில அடிக்குறா?"

கீத் இன்னொரு கிழங்கை நசுக்கினான்.

"திரை கட்டிப் பார்த்தியா?"

"யார வெச்சுக் கட்டுறது?" என்றான். "சொல்லு. யாரப் பின்னால நிறுத்தி வெச்சுக் கட்டுறது?"

நோலீன் தட்டைத் தள்ளிவைத்தாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த கோபம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. மகள் போன துக்கத்தில் அதற்கு இடமில்லாமல் இருந்தது.

"என்ன வெச்சுக் கட்டு. அன்னிக்கு நானும்தானே படிச்சேன். அதே நிலம், அதே மைக்கு, அதே எழவு டப்பா. என் குரல ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தியா நீ?"

அவன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"போடல, இல்ல? நான் இன்னும் சாகல கீத். அதான் என்னக் கேக்கணும்னு உனக்குத் தோணல."

சொன்னபிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். பின்னாலேயே வந்து அவன் துண்டை எடுத்து ஒவ்வொரு தட்டாகத் துடைத்து அடுக்கினான். ரொம்ப நாளைக்குப் பிறகு செய்கிற வேலை.

"காலையில கட்டலாம்," என்றான்.

*

செமிசிக்குத் திரை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஜூலையில் அதைச் சுருட்டி மரப்பலகைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவனே அவன்தான். உதறினால் மரத்தூள் பறந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கயிறு இழுத்துக் கட்டினான். நோலீன் அந்தப் பக்கம் போய் நின்றாள். துணி வழியாகக் கீத்தின் உருவம் நாற்காலியில் குனிந்து தெரிந்தது. செமிசி சுவிட்சில் கை வைத்தான்.

முதலில் பதிவு. 'ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்கவும். குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது.'

பிறகு அவளே அதைச் சொன்னாள்.

செமிசி தலையைச் சொறிந்தான். "அக்கா, ரெண்டாவது நீ. முதல்ல வந்தது நீ என்னத் திட்டும்போது பேசுற பேச்சு."

"தகரக் கூரை மேல நின்னுக்கிட்டுக் கத்துற மாதிரில்ல இருக்கு," என்றாள் நோலீன் திரைக்குப் பின்னாலிருந்து. "நானா இப்படிப் பேசுறேன்?"

கீத் மறுபடி கேட்டான். மறுபடி. மற்ற விஷயத்தில் அவன் எப்படியோ, காது சொல்வதை இல்லையென்று மறுக்கிற ஆள் அவன் கிடையாது. மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"தப்பு பண்ணியிருக்கேன்," என்றான். "சுத்து நோலீன். புதுசாச் சுத்து."

பிறகு அந்த நாள் முழுக்க அதுதான் வேலை. வெட்டின கம்பி உதவாது, புதுக் கம்பிக்கண்டிலிருந்து முழுசாகச் சுற்ற வேண்டும். நோலீன் சுற்றுவாள், செமிசி பெட்டியைத் திறந்து மாட்டுவான், அவள் விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே திரைக்குப் பின்னால் ஓடுவாள், ஆட்டு மருந்தை ஒப்பிப்பாள். கொஞ்சம் கூடிவிட்டது என்பான் கீத். உரிப்பாள். கொஞ்சம் குறைந்துவிட்டது என்பான். மறுபடி முதலிலிருந்து. மத்தியானத்துக்குமேல் வடமேற்குக் காற்று சூடாக அடித்து, மூடுபனியெல்லாம் கலைந்து, கிட்டங்கியின் தகரக் கதவு தடதடத்தது. அதை அடக்கச் செமிசி ஒரு ரோம மூட்டையை முட்டுக் கொடுத்தான். நோலீனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனால் மனசில் ஏதோ லேசாக இருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

சாயங்காலம் நெருங்கும்போது செமிசி சுவிட்சைக் கீத்திடம் கொடுத்துவிட்டுத் தான் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது," என்று ஒரு குரல்.

"இது பதிவு," என்றான் செமிசி.

"பதிவு உன் தாத்தா," என்று திரையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினாள் நோலீன்.

கீத் சிரித்துவிட்டான். ஜூலைக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. டெஸ்மண்ட் விட்டுப்போன ரெக்கார்டைப் போட்டார்கள். அந்தப் பாடகி மடியைவிட்டு இறங்கி, பியானோ பக்கத்தில் மரியாதையாகப் போய் நின்றுகொண்டாள். வயலின் வயலினாக இருந்தது. செமிசி எழுந்து நின்று தன் சர்ச் பாடகர் கூட்டத்தை நடத்துகிற மாதிரி கையை வீசினான். பிழைத்தோம் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"கிர்ஸ்டியப் போடு," என்றான் கீத்.

செமிசி நோலீனைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவளுக்கும் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை பேரும் அவரவர் இடத்தில் வந்து நின்ற பிறகு மகளும் வந்து நிற்கட்டும் என்றிருந்தது.

'ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்கவும்.'

குரல் மங்கிப்போயிருந்தது. சிரிப்பு வந்தது, சிரிப்பிலும் பலமில்லை.

"கூடிப்போச்சு," என்றான் கீத் அவசரமாக. "ரெண்டு சுற்று எடுத்துடலாம். ரெண்டு எடுத்தா…"

"இரு," என்றாள் நோலீன். "நிறுத்தாத. ஓடட்டும்."

எப்போதும் அந்த இரண்டு வரியும் சிரிப்பும்தான் அவன் போடுவான். அதற்கு மேல் ஓடவிட்டதில்லை. இப்போது ஓடியது. 'குட்டிகளுக்கு…' என்று நின்றது குரல். மூச்சு இழுக்கிற சத்தம். '…கொடுக்கக் கூடாது. வெயிலில்… வைக்கக் கூடாது.' ஒவ்வொரு வரியும் நடுவில் நின்று மூச்சு வாங்கியது. முடிவதற்குள் தேய்ந்தது.

பதிவிலேயே, அவளுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் தூரத்தில், கீத்தின் குரல். 'கிர்ஸ்டி, சோம்பேறி மாதிரிப் படிக்காத. வயித்துலருந்து சத்தம் வரட்டும். மறுபடி முதல்லருந்து.'

நோலீனின் குரல். 'அவள விடு. ராத்திரி எங்கயாவது ஆட்டம் போட்டிருப்பா.'

அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் சிரிக்கிற சத்தம். 'சரிப்பா,' என்று கிர்ஸ்டி. நீளமாக ஒரு மூச்சு. பிறகு, அப்பா கேட்டபடி, சத்தமாக, முதலிலிருந்து படித்தாள். முழுசும் படித்து முடித்தாள். முடித்தபிறகு அந்த அறையில் அவள் இரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, மலை ஏறி வந்தவளைப் போல. அதோடு பதிவு தீர்ந்தது.

செமிசி சுவிட்சை அணைத்தான்.

"அவளுக்கு மூச்சு வாங்குது," என்றான் கீத்.

"ஆமா."

"மார்ச்சு மாசம் அது. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி."

"ஆமா கீத்."

"குரல் மங்கலா இருந்துச்சு. நான் பெட்டியில கோளாறுன்னு நெனச்சேன் நோலீன். அவ எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியுமே, அதனால பெட்டியத்தான்… அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கு, நான் பெட்டியப் போட்டுத் திருத்திக்கிட்டு இருந்திருக்கேன்." அவன் வாய் கோணிக்கொண்டது. "முப்பது வருஷமா இந்தக் காத வெச்சுத்தானே சோறு திங்கிறேன். அஞ்சடி தூரத்துல நின்னா. சோம்பேறின்னு சொன்னேன்."

"நானும் அங்கதான் நின்னேன்," என்றாள் நோலீன். "ஆட்டம் போட்டிருப்பான்னு நான்தான் சொன்னேன்."

சில வாரம் முந்தித் தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் தூங்கியிருந்தாள். இப்போதும் அது உண்மைதான். ஆனால் எதற்கும் உதவவில்லை. அவள் கீத்தின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆள் அவன், தோள் குலுங்க அழுதான். அவளும் அழுதாள். செமிசி தன் மொழியில் மெதுவாக ஏதோ முணுமுணுத்துவிட்டு, வெளியே போய்க் கல்படியில் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு சுற்று எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு கீத் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவனே அந்தக் காயில்களை ஈயம் வைத்து நிரந்தரமாகப் பற்றவைத்து, பெட்டியை மூடித் திருகாணி முடுக்கினான். டெஸ்மண்ட் மறுபடி வந்தார், கேட்டார், நாற்காலியை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. மனுஷக்குரலுக்கு இப்படியொரு பெட்டி நான் விற்றதே இல்லை என்றார். கீத் நன்றி என்று மட்டும் சொன்னான்.

*

மெல்பர்னுக்கு அனுப்புகிற ஜோடியைக் கட்ட மாடியில் இடம் ஒழித்திருந்தார்கள். மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கரை இறக்கி, சுற்றிலும் ரோமத்தைத் திணிக்க வேண்டும். செமிசி கீழே லாரிக்காரனோடு வழக்கடித்துக்கொண்டிருந்தான். நோலீன் ஒரு ரோம மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மரப்படி ஏறினாள். ஜனவரிக் கோடை வெயில் தகரத்தில் காய்ந்து, மாடி அடுப்பாகக் கொதித்தது. மேலே வந்ததும் கீத் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"நில்லு."

"ஏன், என்ன?"

"உனக்கு மூச்சு வாங்குது."

"மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினா வாங்காம? நீ ஏறிப் பாரு."

"எப்பலருந்து?"

"கீத்."

"எப்பலருந்துன்னு கேக்குறேன்."

வெடுக்கென்று ஏதாவது சொல்லலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பெட்டிக்கு முன்னால் உட்காருகிற மாதிரியே நின்றுகொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். அவனுக்குப் பக்கத்தில், அவன் காதுக்கு எட்டும்படி வந்து நின்றாள். மூச்சை இழுத்து, விட்டாள்.

"இன்னொரு தடவ," என்றான் கீத்.

அவள் இன்னொரு தடவை இழுத்து விட்டாள்.